டாக்டரம்மா பதில்கள்: மஞ்சள் காமாலையும் மூளையும்

மஞ்சள் காமாலை பற்றிய கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை அதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளின் உடல்நலச் செய்தி என்பதால் எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 35 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் பேரனுக்கு பிலிருபின் 14 என்று நீல விளக்கில் வைத்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டில் நிறைமாதக் குழந்தைக்கு நான்காம் நாள் 16. அந்தக் குழந்தையை “நன்றாகப் பால் கொடுங்கள், நாளைக்கு வந்து காட்டுங்கள்” என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 14 பெரிதா, 16 பெரிதா? பில் ஏற்றுவதற்காகத்தான் வைத்தார்கள் என்கிறார் சம்பந்தி.
*வாசகி, தேனி*

பதில்: சம்பந்தியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள் அம்மா. பில்லைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் விளக்கில் வைத்தது சரி, அந்தக் குழந்தையை அனுப்பியதும் சரி.

பழைய சிவப்பணுக்கள் உடையும்போது அவற்றுக்குள் இருக்கும் ஹீம் என்ற சிவப்பு நிறப் பொருள் சிதைந்து, பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. நமக்கெல்லாம் சிவப்பணு 120 நாள் உயிரோடு இருக்கும். பிறந்த குழந்தைக்கு 60 முதல் 90 நாள்தான். போதாக்குறைக்கு, பிலிருபினைக் கரையவைத்துப் பித்தத்தோடு வெளியே அனுப்ப வேண்டிய கல்லீரல் நொதி, பிறந்த புதிதில் பெரியவர்களுக்கு இருப்பதில் 100-ல் 1 பங்கு அளவுக்குத்தான் வேலை செய்யும். வரவு அதிகம், செலவு இல்லை. ஆகவே நிறைமாதக் குழந்தைகளிலேயே பாதிக்கும் மேல் மஞ்சளாகத்தான் செய்யும். குறைமாதத்தில் பத்துக்கு எட்டுக் குழந்தைகள்.

ரத்தத்தில் இந்த பிலிருபின் தனியாகச் சுற்றுவதில்லை. அல்புமின் என்ற புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கும். 1 கிராம் அல்புமின் சுமாராக 8 மில்லிகிராம் பிலிருபினைப் பிடிக்கும். அல்புமினோடு இருக்கும்வரை அது மூளைக்குள் போகாது. பிடி கிடைக்காமல் வெளியே நிற்கும் துளியளவு பிலிருபின்தான் போகிறது. லேப் ரிப்போர்ட்டில் வரும் 14, 16 எல்லாம் மொத்தக் கணக்கு. எவ்வளவு கட்டுண்டு இருக்கிறது, எவ்வளவு தனியே அலைகிறது என்று அது சொல்லாது.

குறைமாதக் குழந்தைக்கு அல்புமின் குறைவு. மூச்சுத் திணறலோ கிருமித் தொற்றோ சேர்ந்து ரத்தத்தில் அமிலம் ஏறினால் பிலிருபின் மூளைக்குள் இறங்குவது இன்னும் சுலபமாகிவிடும். ஆகவே உங்கள் பேரனின் 14, நிறைமாதமாகப் பிறந்து நன்றாகப் பால் குடிக்கும் குழந்தையின் 16-ஐவிடக் கவலைக்குரியது. எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்து எத்தனை மணி நேரம் ஆகிறது, தாய்க்கும் பிள்ளைக்கும் ரத்த வகை ஒத்துப்போகிறதா, இத்தனையும் பார்த்துத்தான் விளக்கில் வைப்பதை முடிவு செய்கிறோம். அதற்கென்று வரைபடமே இருக்கிறது. கேட்டால் காட்டுவார்கள்.

மொத்தக் கணக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய செய்தி உண்டு. 1950-களில் நியூயார்க்கில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தொற்று வராமலிருக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குப் பென்சிலினும் சல்ஃபிசாக்சசோல் என்ற சல்ஃபா மருந்தும். இன்னொரு பிரிவுக்கு ஆக்ஸிடெட்ராசைக்ளின். சல்ஃபா வாங்கிய குழந்தைகள் அதிகமாக இறந்தார்கள். பிரேதப் பரிசோதனையில் மூளையின் உட்பகுதிகள் மஞ்சளேறிக் கிடந்தன. வில்லியம் சில்வர்மேன் குழுவினர் 1956-ல் இதை வெளியிட்டார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் பிலிருபின் அப்படியொன்றும் உயரவில்லை. சல்ஃபா போய் அல்புமினில் உட்கார்ந்துகொண்டு பிலிருபினை வெளியே தள்ளிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. மஞ்சளாக இருக்கும் பச்சிளங் குழந்தைக்கு இன்றும் செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி ஊசியைப் போடுவதை நாங்கள் தவிர்ப்பது இதே காரணத்தால்தான்.

கேள்வி: நான் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். “பிலிருபின் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும்” என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார் பேராசிரியர். எப்படிக் கெடுக்கிறது? மூளையில் சில இடங்களை மட்டும் ஏன் தாக்குகிறது?
*வாசகர், கோவை*

பதில்: அவருக்கு மணி அடித்திருக்கும் தம்பி. எனக்குப் பக்கம் இருக்கிறது.

பிலிருபினின் வேதிப்படத்தைப் பார்த்தால் தண்ணீரில் கரைந்துவிடும் என்றுதான் தோன்றும். இரண்டு கார்பாக்சில் தொகுதிகள் இருக்கின்றன. ஆனால் அது தனக்குள்ளேயே ஆறு ஹைட்ரஜன் பிணைப்புகளைப் போட்டு மடங்கிக்கொள்கிறது. நீரோடு ஒட்டக்கூடிய பகுதிகளெல்லாம் உள்ளே ஒளிந்துவிடும். மிச்சமிருப்பது கொழுப்போடு சேரும் ஒரு பொருள். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பு, செல்லுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வும் கொழுப்பு. அங்கேதான் அது போய்ச் சேரும்.

அந்த உட்சவ்வில் நடக்கும் வேலை உங்களுக்குத் தெரியும். ஆக்சிஜனைச் செலவழித்துப் புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கமாகத் தள்ளிச் சேர்க்கிறோம். அவை திரும்பி வரும் விசையில், செல் செலவழிக்கும் சக்தியான ஏடிபி தயாராகிறது. எங்கள் பக்கத்துப் பாபநாசம் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தேங்கிய தண்ணீர் குழாய் வழியாக இறங்கி டர்பைனைச் சுற்றினால் மின்சாரம். கரையில் கசிவு விழுந்துவிட்டால் தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும், இறங்கிக்கொண்டேதான் இருக்கும், மின்சாரம் மட்டும் கிடைக்காது. பிலிருபின் நுழைந்த மைட்டோகாண்ட்ரியாவிலும் இப்படித்தான். 1956-ல் ஸ்டாக்ஹோமில் ரோல்ஃப் செட்டர்ஸ்ட்ராம், லார்ஸ் எர்ன்ஸ்டர் இருவரும் பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் இதைக் கண்டு ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஆக்சிஜன் செலவாகிறது, ஏடிபி உருவாகவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ரிச்சர்ட் டே என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர், பிலிருபின் பட்ட மூளைத் திசுவின் சுவாசம் குறைவதைக் காட்டியிருந்தார். பிறகு வந்தவர்கள் மைட்டோகாண்ட்ரியா ஊதிப்போவதையும், கூடவே அல்புமினைப் போட்டால் அந்தக் கேடு நின்றுவிடுவதையும் பார்த்தார்கள். தேனி அம்மாவுக்கு மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோதனைக் குழாயில் பயன்படுத்திய பிலிருபின் அளவு, ஒரு குழந்தையின் மூளையில் உண்மையில் தனியே அலையும் அளவைவிடப் பல மடங்கு அதிகம். அந்த அளவில் எதைக் கொட்டினாலும் சவ்வு கெட்டுப்போகும் என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. இத்தாலியின் ட்ரியெஸ்ட் நகரில் பிலிருபினையே ஆராயும் குழுவினர், அல்புமினோடு கட்டுண்ட அளவையும் தனியே இருக்கும் அளவையும் பிரித்துச் சொல்லாத எந்தச் சோதனையையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விடாமல் சொல்லி வந்தார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் லிஸ்பனில் டோரா பிரிட்டஸ், செசிலியா ரோட்ரிகஸ் முதலியோர் எலிக்குட்டி நரம்பு செல்களில் செய்த வேலை அடுத்த படி. பிலிருபின் பட்டதும் மைட்டோகாண்ட்ரியச் சவ்வின் இறுக்கம் குலைகிறது. உள்ளே இருக்க வேண்டிய சைட்டோகுரோம் சி என்ற புரதம் வெளியே கசிகிறது. அது வெளியே வந்துவிட்டால் காஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொண்டு செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும். அடி பலமாக இருந்தால் அதற்குக்கூட நேரம் கிடைக்காமல் செல் வெடித்துச் சாகும். இரண்டு வகைச் சாவும் பதிவாகியிருக்கிறது.

இதோடு நின்றால் பரவாயில்லை. நரம்புக்கு வெளியே சேரும் குளுட்டமேட்டை அவ்வப்போது அள்ளி எடுப்பது ஆஸ்ட்ரோசைட் என்ற பக்கத்து செல். பிலிருபின் அதன் வேலையையும் தடுக்கிறது. தேங்கிய குளுட்டமேட் நரம்பைத் தூண்டிக்கொண்டே இருக்க, உள்ளே கால்சியம் ஏறுகிறது. அந்தக் கால்சியத்தை விழுங்க வேண்டிய பொறுப்பும் ஏற்கெனவே தள்ளாடும் மைட்டோகாண்ட்ரியாவின் தலையில்தான் விழும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு மிகக் கொடுமையாகப் படுவது இதுதான். உள்ளே வந்த பிலிருபினை வெளியே தள்ளுவதற்குச் செல்லில் பம்புகள் இருக்கின்றன. அவை ஓட ஏடிபி வேண்டும். ஏடிபி குறைந்தால் பம்பு மந்தமாகும், பிலிருபின் இன்னும் சேரும், ஏடிபி இன்னும் குறையும். பால் குடிக்காமல் சோர்ந்து, சர்க்கரை இறங்கிய குழந்தையை நாங்கள் ஏன் அவ்வளவு அவசரமாகப் பார்க்கிறோம் என்று இப்போது தெரிகிறதா?

உங்கள் இரண்டாவது கேள்வி. 1875-ல் பெர்லினில் யோஹான்னஸ் ஓர்ட் இறந்த ஒரு குழந்தையின் மூளையில் மஞ்சள் திட்டுகளைக் கண்டார். பிறகு ஷ்மோர்ல் அதற்கு ‘கெர்னிக்டெரஸ்’ என்று பெயர் வைத்தார். மஞ்சள் மூளை முழுக்கப் பரவுவதில்லை. குளோபஸ் பாலிடஸ், சப்தலாமிக் உட்கரு, ஹிப்போகாம்பஸ், சிறுமூளையின் புர்கின்ஜி செல்கள், காதுக்கும் கண்ணசைவுக்கும் உரிய மூளைத்தண்டு உட்கருக்கள், இவைதான் இலக்கு. ஓய்வில்லாமல் வேலை செய்து, சக்தியை அள்ளிக் குடிக்கும் இடங்கள் இவற்றில் பல. மைட்டோகாண்ட்ரியா தடுமாறினால் முதலில் தெரிவது அங்கேதான் என்பது பலர் ஏற்கும் விளக்கம். பிலிருபினை வெளியேற்றும் திறன் இடத்துக்கு இடம் மாறுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். பிலிருபினைக் கரையவைக்கும் கல்லீரல் நொதி பிறவியிலேயே இல்லாத கன் எலிகள் என்றொரு இனம் உண்டு. 1938-ல் விவரிக்கப்பட்டது. அவற்றின் புர்கின்ஜி செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் மைட்டோகாண்ட்ரியா ஊதி, உருக்குலைந்து கிடக்கும். அதே எலிக்குச் சல்ஃபா கொடுத்தால் ஓரிரு நாளில் மூளை பாதிக்கப்படும்.

யோசிக்கும் பகுதியான பெருமூளைப் புறணி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஆகையால் இந்தப் பிள்ளைகளில் பலர் சொல்வதையெல்லாம் புரிந்துகொள்வார்கள். கை ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், பேச்சு வராது, கண் மேலே ஏறாது. ஆனால் நாம் சொல்லும் நகைச்சுவைக்குச் சரியான இடத்தில் சிரிப்பார்கள். புத்தி இல்லாத பிள்ளை என்று பள்ளியில் சேர்க்க மறுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: என் கணவருக்குப் பித்தக்குழாயில் கல் அடைத்து பிலிருபின் 18. அவருக்கும் மூளை பாதிக்குமா?
*வாசகி, வேலூர்*

பதில்: இந்த வழியில் பாதிக்காது. ரிப்போர்ட்டில் ‘டைரக்ட்’ என்ற வரியைப் பாருங்கள், பெரும்பகுதி அதில்தான் இருக்கும். கல்லீரல் தன் வேலையைச் செய்து குளுக்குரோனிக் அமிலத்தை ஒட்டவைத்துக் கரையக்கூடியதாக மாற்றிவிட்டது. வெளியே போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது. கரையும் பிலிருபின் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பைத் தாண்டாது. சிறுநீர் காப்பி நிறத்தில் போவதும் அது கரைவதால்தான். ஆனால் இதைச் சாக்காக வைத்து ஆறப்போடாதீர்கள். அடைத்த பித்தத்தில் கிருமி சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம் என்று உயிருக்கே ஆபத்து. சிறுநீரகமும் அடி வாங்கும். கல்லை எடுக்கும் தேதியைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

கேள்வி: குழந்தையைக் காலை வெயிலில் காட்டினால் போதும், கீழாநெல்லி அரைத்துப் புகட்டினால் போதும், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் போதும் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?
*வாசகி, விருதுநகர்*

பதில்: வெயிலில் ஓர் உண்மை இருக்கிறது. இங்கிலாந்தில் ராச்ஃபோர்டு என்ற ஊரின் மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற தலைமை செவிலி, குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குத் தூக்கிப் போய்க் காற்றாட வைப்பார். 1956-ல் ஒரு நாள் அப்படி வைத்த குழந்தையை டாக்டரிடம் காட்டினார். துணியின் முனை மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சள், மற்ற இடமெல்லாம் வெளுத்திருந்தது. ஜன்னலோரம் வெயில்பட்டு இருந்த சோதனைக் குழாய் ரத்தத்தில் பிலிருபின் குறைந்து போனதும் அங்கேதான் தெரிய வந்தது. கிரெமர் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் விளக்குத் தொட்டில் செய்து 1958-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். இன்று உலகம் முழுக்கப் பயன்படும் நீல விளக்கு ஒரு நர்சம்மாவின் கண்ணிலிருந்து வந்தது.

460 நானோமீட்டர் வாக்கில் இருக்கும் நீல ஒளி பட்டால் பிலிருபினின் மடிப்பு மாறி, உள்ளே ஒளிந்திருந்த பகுதிகள் வெளியே வரும். கல்லீரல் நொதியின் உதவி இல்லாமலே பித்தத்தில் கரைந்து போய்விடும். விளக்கின் கீழ் துணியில்லாமல், உடம்பு முழுக்கப் படும்படி, மணிக்கணக்கில் கிடத்த வேண்டும். வாசலில் போர்வை சுற்றிக் கால் மணி நேரம் வைத்திருப்பதில் அது நடக்காது. அதிக நேரம் வைத்தால் தோல் சுடும், உடம்பின் நீர் வற்றும். ஆக, லேசான மஞ்சளுக்கு வெயில் தேவையே இல்லை, அதிக மஞ்சளுக்கு அது போதாது.

கீழாநெல்லியைப் பற்றி 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் ‘லான்செட்’டிலேயே எழுதியிருக்கிறார்கள். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உள்ளவர்களுக்கு. அந்தப் பலன் பிறகு வேறு இடங்களில் அதேபோல் கிடைக்கவுமில்லை. பிறந்த குழந்தையின் காமாலை பெரும்பாலும் கிருமியால் வருவதல்ல. அதன் வாயில் தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் பிலிருபினைக் குறைக்காது, பால் குடிப்பதைத்தான் குறைக்கும். பால் குறைந்தால் மலம் குறையும். குடலில் இறங்கிய பிலிருபின் திரும்பவும் ரத்தத்துக்கே ஏறும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் கொடுங்கள்.

பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பாலுக்கு எழாமல் துவண்டாலோ, கிறீச்சென்று அழுது உடம்பைப் பின்னால் வில்லாக வளைத்தாலோ, ராத்திரி ஆனாலும் கிளம்பிவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால் அது வேறு நோய். பித்தக்குழாய் அடைப்புக்கான ‘கசாய்’ என்ற அறுவை சிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் பலன் நன்றாக இருக்கும்.

கேள்வி: பேத்திக்கு வைத்திருந்த பழைய துணிகளை அந்துருண்டை போட்ட பீரோவிலிருந்து எடுத்துக் கட்டினேன். மருமகள் பிடுங்கித் துவைக்கப் போட்டுவிட்டாள். மாமியார் மருமகள் சண்டைக்கு நீங்கள்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.
*வாசகி, காரைக்குடி*

பதில்: மருமகள் பக்கம். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் குழந்தையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு அது சிவப்பணுக்களைக் கூட்டமாக உடைக்கும். ஒரே நாளில் பிலிருபின் தாவி ஏறிவிடும். நம் நாட்டில் இந்தக் குறைபாடு அரிதல்ல. பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கு, சில சமயம் பெண்ணுக்கும். யாருக்கு இருக்கிறது என்று பார்த்துத் தெரியாது. பீரோவில் அந்துருண்டைக்குப் பதில் வேப்பிலை போடுங்கள். துணியை வெயிலில் உலர்த்திய பிறகு கட்டுங்கள்.

கேள்வி: பிறந்தபோது அதிகக் காமாலை வந்து ரத்தம் மாற்றினார்கள். இப்போது ஒன்றரை வயது. கதவைச் சாத்தினால் திரும்பிப் பார்க்கிறான், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கவனிப்பதில்லை. காது டெஸ்ட் ‘பாஸ்’ என்று எழுதியிருக்கிறது.
*வாசகர், நாகர்கோவில்*

பதில்: எந்த டெஸ்ட் என்று பாருங்கள். ஓஏஇ என்றால் அது உட்காதின் நுண்மயிர் செல்களை மட்டும் சோதிப்பது. பிலிருபின் அந்தச் செல்களை விட்டுவிட்டு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் செவி நரம்பையும் மூளைத்தண்டின் உட்கருக்களையும் தாக்கும். சத்தம் நுழையும், ஆனால் பேச்சாகப் பிரிந்து மூளைக்குப் போய்ச் சேராது. அதனால் ஓஏஇ நன்றாகவே வரும். அந்த நரம்பையும் மூளைத்தண்டையும் சோதிக்கும் பெரா என்ற பரிசோதனையை உடனே செய்யச் சொல்லுங்கள். பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சுருக்கத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். “இன்னும் ஆறு மாதம் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரிடம் போங்கள். பேச்சு வளரும் வயது இதுதான்.

கேள்வி: எனக்கு 28 வயது. கம்பெனி ஹெல்த் செக்கப்பில் ஒவ்வொரு ஆண்டும் பிலிருபின் 2-க்கு மேல். மற்ற கல்லீரல் டெஸ்ட் எல்லாம் நார்மல். கில்பர்ட் என்கிறார் டாக்டர். பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று அம்மா பயப்படுகிறார்.
*வாசகர், ஓசூர்*

பதில்: அம்மா பயப்பட ஒன்றுமில்லை. பிலிருபினைக் கரையவைக்கும் கல்லீரல் நொதி உங்களுக்குக் கொஞ்சம் சோம்பலாக வேலை செய்கிறது. 1901-ல் பாரிஸ் டாக்டர் கில்பர்ட் எழுதியது, நூறு பேரில் சிலருக்கு இருப்பது. பட்டினி கிடந்தால், காய்ச்சல் வந்தால், தூக்கம் கெட்டால் கண் லேசாக மஞ்சளிக்கும். பிறகு தானே போகும். உங்கள் அல்புமினுக்கு 2 மில்லிகிராம் ஒரு பொருட்டே இல்லை.

கோவைத் தம்பி கவனிக்க: இதே பிலிருபின் சிறிய அளவில் செல்லைக் காக்கவும் செய்கிறது. 1987-ல் ரோலண்ட் ஸ்டாக்கர் முதலியோர் அது நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று காட்டினார்கள். கில்பர்ட் உள்ளவர்களுக்கு இதய நோய் குறைவாகக் காணப்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பிலிருபின்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

பெண் வீட்டில் தாராளமாகச் சொல்லுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும் காட்டுங்கள். நான்கைந்து ஆண்டுகளாக ஏறாமல் ஒரே அளவில் நிற்பதே நல்ல அத்தாட்சி. என்றைக்காவது புற்றுநோய் சிகிச்சை என்று வந்தால் மட்டும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரினோடெகான் என்ற மருந்தை வெளியேற்றுவதும் இதே நொதிதான், உங்களுக்கு அதன் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும்.